ஹபீபுன்னிசாவின் நீல டப்பா

எங்கள் தெருவில் யாருக்கு வயிறு போனாலும் அது முதலில் என் அக்கா ஹபீபுன்னிசாவுக்குத்தான் தெரியும். கட்டின புருஷனுக்குக்கூட அதற்கப்புறம்தான் தெரியும். கூத்தாநல்லூரில் டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் டாக்டர் வீட்டில் டோக்கன் போட்டுக் காத்திருக்க வேண்டும். அக்கா வீட்டில் கதவைத் தட்டினால் போதும், நீல டப்பா வந்துவிடும்.

பிஸ்கட் வந்த டப்பா அது. மச்சான் அப்துல் ஹமீது ஷார்ஜாவில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தார். லீவில் வருகிறவர்கள் சென்டும் கம்பளியும் கொண்டுவருவார்கள். மச்சான் அதோடு மாத்திரையும் கொண்டுவருவார். அட்டை அட்டையாக வரும். அவர் கூடத் தங்கியிருந்தவர்கள் வாங்கிச் சாப்பிட்டு மிச்சம் வைத்தது, கடைக்காரர் தெரிந்தவர் என்று கொடுத்தது, எல்லாம் பெட்டியின் ஓரத்தில் துணிக்குள் சுருட்டி வரும். 'வெளிநாட்டு மாத்திரை' என்றால் எங்கள் ஊரில் அதற்குத் தனி மரியாதை. உள்ளூர்க் கடையில் அதே மருந்து வேறு பெயரில் இருக்கும், யாரும் சீண்ட மாட்டார்கள்.

அக்கா எட்டாவதோடு நின்றவள். பேர் படித்து அல்ல, நிறம் பார்த்துக் கொடுப்பாள். காய்ச்சலுக்குச் சிவப்பும் மஞ்சளுமான காப்ஸ்யூல், வயிற்றுப்போக்குக்கு மஞ்சள் மாத்திரை, பல்வலிக்கும் புண்ணுக்கும் நீலக் காப்ஸ்யூல். "ரெண்டு போடு, கேட்டுச்சுன்னா நிறுத்திடு, மீதியைக் கொண்டாந்து குடுத்துடு" என்பாள். சிக்கனக்காரி. தெருவில் கேலியாக 'டாக்டரம்மா' என்பார்கள். அவளுக்கு அது கேலியாகப் பட்டதே இல்லை.

நான் ஹாஜா மைதீன், அவளுக்கு இளையவன், கடைத்தெருவில் செருப்புக் கடை வைத்திருக்கிறேன். அக்காவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கல்யாணமான நாளிலிருந்து அவள் பார்த்த புருஷன், லீவில் வந்து லீவில் போன புருஷன். சுஹைப், ஃபஹ்மிதா இரண்டு பிள்ளைகளையும் தனியாளாக வளர்த்தாள். வீடு கட்டும்போது கொத்தனாரோடு சண்டை போட்டவளும் அவள்தான், மாமியாரைக் கடைசிவரை பார்த்ததும் அவள்தான். இதற்கெல்லாம் யாரும் அவளை ஒரு வார்த்தை மெச்சியதில்லை. அந்த டப்பாவைத் திறக்கும்போது மட்டும் எதிரில் நிற்பவர்கள் அவள் முகத்தையே பார்ப்பார்கள். அதில் அவளுக்கு ஒரு சுகம் இருந்தது, அதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன்.

அந்த டப்பாவை வேண்டாம் என்று சொன்னது ஒரே ஒரு வீடுதான். எதிர்வீட்டு அனீஸா. அவள் மகன் ஹம்தான் சின்னப்பிள்ளையாக இருக்கும்போது காய்ச்சல் என்று அக்கா காப்ஸ்யூலைப் பிரித்துத் தேனில் குழைத்துக் கொடுத்தாள். சாயங்காலம் அஸர் தொழுகைக்குள் பிள்ளைக்கு உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. மன்னார்குடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்தது. திரும்பி வந்த அனீஸா தெருவில் நின்று, "இனிமே உங்க மாத்திரை என் வாசப்படி ஏறக் கூடாது" என்று சொன்னாள். அக்காவோ, "காலையில எறா சாப்பிட்டிருக்கான், அது ஒத்துக்கல. என் மாத்திரை மேல ஏன் பழி போடுறா?" என்றாள். ஊர் அக்கா பக்கம் நின்றது. டப்பா யாரிடம் இருக்கிறதோ அவர் பக்கம்தானே ஊர் நிற்கும். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. அனீஸா வீட்டில் ஒரு விசேஷம் என்றால்கூடத் தெருவில் பாதிப்பேர் போவதில்லை.

மச்சான் கொரோனாவுக்குப் பிறகு வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்தார். வந்து நிம்மதியாக உட்காரலாம் என்று பார்த்தால் கடைவாய்ப்பல் வீங்கிக்கொண்டது. பல் டாக்டரிடம் போக அவருக்குப் பயம். டப்பாவிலிருந்து நீலக் காப்ஸ்யூல் எடுத்துப் போட்டார். வீக்கம் வடிந்தது, மறுபடி வந்தது, மறுபடி போட்டார். நடுவில் மஞ்சளையும் சேர்த்துக்கொண்டார். பல் ஒரு வழியாக அடங்கியது. அப்புறம் வயிறு திறந்துகொண்டது.

திறந்துகொண்டது என்றால் சாதாரணமாக இல்லை. தண்ணீராகப் போகும், சளியாகப் போகும், நாற்றம் வேறு மாதிரி இருக்கும். எழுந்து வந்து உட்காரும் முன் மறுபடி ஓடுவார். அக்கா வழக்கப்படி மஞ்சள் மாத்திரை கொடுத்தாள். ஒரு வாரத்தில் மனிதர் பாதியாகிவிட்டார். தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பரிசோதித்து, குடலில் ஒரு கிருமி பெருகியிருக்கிறது என்று அதற்கான மருந்து கொடுத்தார்கள். நின்றது. மருந்து முடிந்து கொஞ்ச நாளில் திரும்ப வந்தது. மறுபடி மருந்து, மறுபடி நிற்பது, மறுபடி வருவது. இப்படியே மாதக்கணக்கில் ஓடி, குறுவை அறுப்பு முடிந்து தாளடி நடவும் முடிந்துவிட்டது.

அந்த நாட்களில் அக்காவின் வேலை துவைப்பதுதான். கைலி, போர்வை, மறுபடி கைலி. கை விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்துக் கிடக்கும். சோறு வைத்தால் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடக்கூட அவளுக்கு அலுப்பாக இருந்தது. "கொஞ்சம் படுத்துக்கோயேன்" என்றால், "படுத்தா எழுந்திரிக்கணுமேடா" என்பாள்.

மச்சானுக்கு உடம்பு போனதைவிடப் பெரிய துக்கம் பள்ளிவாசல். பாலைவனத்தில் அத்தனை வருஷம் கிடந்துவிட்டு, ஊரில் பாங்கு சத்தம் கேட்டு நடந்து போய்த் தொழவேண்டும் என்பது அவர் ஆசை. தொழுகைக்காகக் கை, கால், முகம் கழுவி ஒளு செய்துவிட்டு நிமிர்வதற்குள் அது முறிந்துவிடும். நோயாளிக்குச் சலுகை இருக்கிறது, வீட்டிலேயே தொழலாம் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லிப் பார்த்தார். "அது தெரியும். எனக்கு ஒரு ஜும்ஆவுக்கு சஃப்புல நிக்கணும், அவ்வளவுதான்" என்றார் மச்சான். தோளோடு தோள் சேர்ந்து வரிசையில் நிற்பதற்கு ஒரு மனிதன் இப்படி ஏங்குவான் என்று எனக்கு அதுவரை தெரியாது.

மூன்றாம் முறையாக நோய் திரும்பியபோது நாங்கள் காரில் தஞ்சாவூர் போனோம். நீடாமங்கலம் ரயில்வே கேட் வழக்கம்போல அடைத்திருந்தது. முன்னால் லாரி, பின்னால் பஸ், நகர இடமில்லை. மச்சான் என் தோளைத் தொட்டு, "ஹாஜா, முடியலடா" என்றார். நான் இறங்கி ஓடி ஒரு டீக்கடைக்காரம்மாவிடம் கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டேன். நல்ல மனுஷி, வீட்டுப் பின்பக்கம் திறந்துவிட்டார். ஆனால் மச்சான் வந்து சேரவில்லை. பாதி வழியில் நின்றுவிட்டார். கேட்டுக்கு நின்றுகொண்டிருந்த பஸ் முழுக்க ஜன்னல் வழியாகப் பார்த்தது. அக்கா தான் போர்த்தியிருந்த துப்பட்டியை எடுத்து அவர் இடுப்பைச் சுற்றிக் கட்டினாள். அவர் அழவில்லை. "என்னைத் திருப்பி வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடுங்க, வர்றது வரட்டும்" என்று மட்டும் சொன்னார்.

அதைக் காதில் வாங்காமல் தஞ்சாவூர் கூட்டிப்போனோம், அன்றைக்குத்தான் டாக்டர் எழில்மொழியைப் பார்த்தோம். குடல் டாக்டர். வலங்கைமான் பக்கத்துப் பெண், வீட்டில் இன்னும் நடவுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள் என்று பின்னால் தெரிந்தது. அவர் மச்சானின் ரிப்போர்ட்டுகளை மூடி வைத்துவிட்டு, "வீட்டுல வயல் இருக்கா?" என்று கேட்டார்.

"ஒரு மா நிலம் இருக்கு. குத்தகைக்கு விட்டிருக்கோம்" என்றாள் அக்கா.

"அப்போ புரிய வைக்கறது சுலபம். நெல்லு நெருக்கமா நின்னா கோரை தலைதூக்காது. ஓரத்துல ரெண்டு இருக்கும், இருந்துட்டுப் போகட்டும். நெல்லு மொத்தத்தையும் மருந்தடிச்சு அழிச்சுட்டீங்கன்னா என்ன ஆகும்? மண்ணுக்குள்ள கெடக்குற கோரைக்கிழங்கு சாகாது. வெறும் நிலம் கெடச்சதும் அதுதான் மொதல்ல முளைக்கும். உங்க வீட்டுக்காரர் குடல்ல அதுதான் நடந்திருக்கு."

குடலுக்குள் எத்தனையோ விதமான பாக்டீரியா ஊர் போலக் குடியிருக்கிறதாம். நார்ச்சத்தைத் தின்பது ஒன்று, அது கழித்ததைத் தின்பது இன்னொன்று, பித்தநீரை மாற்றி வேறாக்குவது மற்றொன்று. அப்படி மாறிய பித்தநீர் இருக்கும்வரை இந்தக் கெட்ட கிருமியின் வித்து முளைக்காது. நீலக் காப்ஸ்யூல் அந்த ஊரையே காலிசெய்துவிட்டது. இப்போது கொடுக்கும் மருந்து முளைத்த கோரையைக் கொல்கிறது, கூடவே மிச்சமிருக்கும் நெல்லையும் கொல்கிறது. மருந்தை நிறுத்தியதும் கிழங்கு மறுபடி முளைக்கிறது.

"அப்போ என்னதான் பண்றது?" என்றேன்.

"மறுபடி நடணும். நல்ல ஆரோக்கியமா இருக்கற ஒருத்தரோட மலத்துலருந்து அந்தக் கிருமிகளை எடுத்து, சுத்தப்படுத்தி, குழாய் வழியா இவர் குடல்ல விடணும்."

மச்சான், "நான் செத்துடறேன்" என்றார்.

"அதுக்கும் வாய்ப்பு இருக்குங்க" என்றார் டாக்டர், குரலை உயர்த்தாமல். "இன்னொரு தடவை இதே வேகத்துல வந்தா குடல் வீங்கிடும். வெட்டி எடுக்க வேண்டி வரலாம். அந்த ஆபரேஷனை உங்க உடம்பு தாங்குமான்னு எனக்கு உறுதியா சொல்ல முடியாது."

ஹஜ்ரத்திடம் கேட்டோம். உயிர் போகும் நிலையில் வேறு வழியில்லையென்றால் செய்யலாம் என்றார். அதன்பிறகு மச்சான் மறுக்கவில்லை. யார் கொடுப்பது என்று தேட ஆரம்பித்தோம்.

என்னை டாக்டர் பார்த்த மாத்திரத்தில் கழித்துவிட்டார். எனக்குச் சர்க்கரை, போதாததற்குத் தொப்பை. அக்காவுக்கும் அல்சர் மாத்திரை ஓடுகிறது. சுஹைப் துபாயிலிருந்து லீவு போட்டு வந்தான். அவனுடைய சாம்பிளை ஐஸ் வைத்த தெர்மாகோல் பெட்டியில் போட்டு நான்தான் பஸ்ஸில் கொண்டுபோனேன். கண்டக்டர் பெட்டியைத் தட்டி, "என்ன பாய், கொடுவாவா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லித் தொலைத்தேன். அம்மாப்பேட்டை வரைக்கும் கொடுவா மீன் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்.

சுஹைபின் சாம்பிள் தேறவில்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகள் அவன் குடலில் இருக்கின்றனவாம். அவனுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் அதை நோயாளிக்குள் விட்டால் ஆபத்து என்றார்கள். அடுத்து ஃபஹ்மிதாவின் மாப்பிள்ளை. அவரும் தேறவில்லை, அதே காரணம். அதற்கடுத்து அக்கா வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்சத்தின் புருஷன் முருகையன். ஆள் எருமை போல இருப்பான், காலையில் பழைய சோறு தின்றுவிட்டு வயலுக்குப் போகிறவன். விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு, "ஹமீது அண்ணனுக்குன்னா எதுவும் தர்றேன், இது என்ன பெரிய சொத்தா?" என்று கூட வந்தான்.

டாக்டர் அவனிடம், "சமீபத்துல மாத்திரை ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்றார்.

"போன மாசம் வயிறு சரியில்லைங்க. அக்காதான் மஞ்ச மாத்திரை குடுத்தாங்க. ஒண்ணுலயே நின்னு போச்சு" என்று அக்காவைப் பெருமையாகக் காட்டினான்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, நீங்க யார் யாருக்கு மாத்திரை குடுப்பீங்க?"

நான்தான் சொன்னேன், தெருவுக்கே என்று.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அக்காவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். களைத்துப்போன குரலில் சொன்னார்: "ஒவ்வொரு தடவை அந்த மாத்திரை உள்ள போகும்போதும் லேசான கிருமியெல்லாம் செத்துடும். தாங்கினது மட்டும் தங்கும். தங்கினது பெருகும். அதோட நிக்காதும்மா, தாங்கற வித்தையைப் பக்கத்துல இருக்கற வேற கிருமிக்கும் குடுத்துடும். ஒரே வீட்டுல, ஒரே தெருவுல இருக்கறவங்களுக்குள்ள அது மாறி மாறிப் போகும். நீங்க மட்டும் இல்ல, நாடு முழுக்க இப்படித்தான் இருக்கு. டாக்டருங்களே பாதிப் பேர் இப்படித்தான் எழுதிக் குடுக்கறாங்க. ஆனா இப்போ எனக்கு வேண்டியது ஒரே ஒரு நல்ல வயிறு. மாத்திரையே போடாத ஆள் யாராவது உங்களுக்குத் தெரியுமா?"

அக்காவுக்கு அப்போதே தெரியும். காரில் திரும்பும்போது நீடாமங்கலம் கேட் திறந்தே கிடந்தது, அதைக்கூட அவள் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்று எதிர்வீட்டைப் பார்த்தாள்.

"அனீஸா மவன் ஹம்தான்" என்றாள்.

ஹம்தான் இப்போது காலேஜ் பையன், சாயங்காலம் வாலிபால் விளையாடுகிறவன். அன்றைக்கு மூச்சு இழுத்த பிள்ளைக்கு அதன்பிறகு எந்தக் காய்ச்சலுக்கும் அனீஸா எளிதில் மாத்திரை கொடுத்ததில்லை. மன்னார்குடி டாக்டர் எழுதிக் கொடுத்தால்கூட, கட்டாயம் வேண்டுமா என்று நாலு தடவை கேட்பாள். அதற்கும் தெரு சிரித்தது. மாத்திரைக்குப் பயந்தவள் என்றது.

"அவகிட்ட போய் எப்படிக்கா கேக்கறது? சோறு கேக்கலாம், ரத்தம் கேக்கலாம்..."

"வாயை மூடிட்டு வா" என்றாள்.

அனீஸா கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கை நின்றது. "வாங்க" என்று சொல்லவும் இல்லை, போங்க என்று சொல்லவும் இல்லை. அக்கா படிக்குக் கீழேயே நின்றாள். ஏறக் கூடாது என்றது மாத்திரையைத்தான், ஆளை இல்லை. ஆனால் அவளுக்குக் கால் வரவில்லை.

"அவங்களுக்கு ரொம்ப முடியல, அனீஸா."

"கேள்விப்பட்டேன். துஆ செஞ்சுட்டுத்தான் இருக்கேன்."

"ஹம்தானோட..." என்று ஆரம்பித்துவிட்டு அக்காவுக்கு வாய் குழறியது. நான் இடையில் புகுந்து, எதைக் கேட்க வந்தோமோ அதைச் சொல்லி முடித்தேன். சொல்லும்போது சுவரைப் பார்த்துக்கொண்டேன். உள்ளேயிருந்து ஹம்தான் சிரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு வெளியே வந்து, "நெசமாவா மாமா? இதை வச்சு வைத்தியமா? தர்றேன், தாராளமா தர்றேன்" என்றான். பிள்ளைகளுக்கு எதுவும் கனமில்லை.

அனீஸா சிரிக்கவில்லை. துணியை மடித்து மடித்து மடியில் வைத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில், "அவன் இஷ்டம். ஆஸ்பத்திரிக்கு நானும் கூட வருவேன்" என்றாள். அவ்வளவுதான்.

ஹம்தானின் சாம்பிள் தேறியது. இதில் அதிர்ஷ்டமும் உண்டு என்று டாக்டர் சொன்னார். மாத்திரை போடாதவர்களுக்கும் பக்கத்து வீட்டிலிருந்து அந்தக் கிருமி வந்திருக்கலாம், இவனுக்கு ஏனோ வரவில்லை. இரத்தப் பரிசோதனைகளும் சரியாக இருந்தன. கடைசியாக நேரில் சில கேள்விகள் கேட்க வேண்டும் என்று எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார். மச்சான் படுக்கையில் இருந்தார், ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் எடைதான் இருப்பார்.

"தம்பிக்கு ஏதாவது மருந்து ஒத்துக்காம போயிருக்கா?" என்று டாக்டர் கேட்டார்.

ஹம்தானுக்கு அந்த நாள் ஞாபகமில்லை, அம்மாவைப் பார்த்தான். அனீஸா அக்காவைப் பார்த்தாள்.

அக்காவின் மனதில் என்ன ஓடியது என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் எனக்கும் அதுதான் ஓடியது. ஆமாம் என்றால் இவனையும் கழித்துவிடுவார்கள். முருகையனை மஞ்சள் மாத்திரை ஒன்று போட்டதற்கே கழித்தார்கள். இவனைவிட்டால் வேறு ஆள் கிடையாது. இல்லை என்று சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? எறா ஒத்துக்கொள்ளவில்லை என்று இத்தனை வருஷம் ஊரே நம்பியிருக்கிறது. அனீஸாவும் மறுக்கப்போவதில்லை போலத் தெரிந்தது, அவள் அக்காவிடமே விட்டுவிட்டாள்.

அக்கா மச்சானின் காலைப் பிடித்துக்கொண்டாள். போர்வைக்கு மேலேயே பிடித்துக்கொண்டு, "ஆமா டாக்டர். சின்னப்பிள்ளையா இருக்கும்போது நான் ஒரு காப்ஸ்யூல் குடுத்தேன். உடம்பு தடிச்சு மூச்சு நின்னுடப் பாத்துச்சு. எறா இல்ல. என் மாத்திரைதான்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். "இதுக்காக அவனை வேணாம்னு சொல்லிடாதீங்க" என்று அழுதுகொண்டே சொன்னாள்.

டாக்டர் எழுதிக்கொண்டார். "இது தடையில்லைம்மா. அந்த மருந்து தம்பிக்கு ஆகாதுன்னு தெரிஞ்சுக்கணும், அதுக்குத்தான் கேட்டேன். நல்லவேளை சொன்னீங்க" என்றார், அவ்வளவு சாதாரணமாக.

வராந்தாவில் அக்காவுக்குப் பக்கத்தில் அனீஸா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் டீ வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் முகத்தில் ஜெயித்த களை எதுவும் இல்லை. "இதை அப்பவே சொல்லியிருக்கலாம்லக்கா?" என்று கேட்டாள். "அப்பவே எனக்குத் தெரியும்டி" என்றாள் அக்கா. டீ ஆறிப்போயிற்று.

குழாய் வழியாகச் செய்தார்கள். மச்சான் தூங்கிக்கொண்டிருந்தார், முடிந்தது தெரியாது. உடனே சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். நட்ட பயிர் வேர் பிடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கஞ்சி, வாழைப்பூ, கீரை, தயிர் என்று அக்கா ஆக்கிப் போட்டாள். கைலி துவைப்பது மெதுவாகக் குறைந்தது. ஒருநாள் துவைக்கவே இல்லை. அன்றைக்கு அக்கா மத்தியானச் சோற்றை உட்கார்ந்து சாப்பிட்டாள்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மச்சான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஹம்தான் தோளைப் பிடித்தபடி பள்ளிக்கு வந்தார். கடைசி வரிசையில், கதவோரமாக, ஓட வேண்டி வந்தால் ஓடுவதற்குத் தோதாக நின்றார். பக்கத்தில் நான் நின்றேன். சஃப்பில் அவர் தோள் என் தோளில் இடித்தது, வெறும் எலும்பு. ஓட வேண்டி வரவில்லை. சலாம் கொடுத்து முடித்ததும் அப்படியே உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார், கூட்டம் கலைந்தபிறகுதான் எழுந்தார்.

கதை இங்கே முடிந்தால் எல்லோருக்கும் நல்லது. நாங்கள் தொழுதுவிட்டுத் திரும்பி வரும்போது அக்கா வீட்டு வாசலில் அம்சம் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் அவள் சின்ன மகள் பூவிழி, துவண்டு போய்.

"காலையிலருந்து தண்ணியா போவுதுக்கா. ஒரு மஞ்ச மாத்திரை குடுங்க."

"மாத்திரை இல்லடி. உப்பும் சக்கரையும் போட்டு தண்ணி கலக்கித் தர்றேன், கொஞ்சம் கொஞ்சமா குடிக்க வை. ஆட்டோ புடிச்சுத் தர்றேன், கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு நானும் வர்றேன்."

"இல்லையா? டப்பா அந்தா இருக்கு."

டப்பா அலமாரிமேல்தான் இருந்தது. உள்ளே இருந்ததை டாக்டர் சொன்னபடி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டோம், இப்போது அதில் பொட்டுக்கடலை. அக்கா அதைச் சொன்னாள். இருந்தாலும் தர மாட்டேன் என்றும் சொன்னாள். அந்த இரண்டாவது வார்த்தையைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

அம்சம் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ஒங்களுக்குன்னா தஞ்சாவூரு, காரு, பெரிய டாக்டரு. எங்களுக்கு உப்புத்தண்ணி. எம்புருசன் அன்னைக்கு எதுக்கு ஒங்க கூட வந்தான், அதுகூடவா மறந்துபோச்சு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அக்கா டம்ளரோடு தெரு முனைவரை பின்னாலேயே போனாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

குழந்தைக்கு மறுநாள் தானாகவே நின்றுவிட்டது. பெரும்பாலும் அப்படித்தான் நிற்கும், அது மாத்திரையால் நின்றது என்று நாம்தான் நினைத்துக்கொள்வோம். ஆனால் அம்சம் வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். முருகையன் என்னைக் கடைத்தெருவில் பார்த்தால் சைக்கிளை மறுபக்கம் திருப்புகிறான். தெருவில் அப்புறம் யாரும் வந்து கதவைத் தட்டுவதில்லை. மனம் மாறிவிட்டது, கர்வம் வந்துவிட்டது, கணவன் பிழைத்ததும் ஊரை மறந்துவிட்டாள் என்று பேசிக்கொள்கிறார்கள். டாக்டரம்மா என்று இப்போது உண்மையாகவே கேலிசெய்கிறார்கள்.

போன வாரம் நான் போனபோது அக்கா தானே உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு ஆள் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். அவள் கையிலிருந்த சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சாம்பல் கையோடு எதிர்வீட்டைப் பார்த்தாள். அனீஸா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

"இவங்க என்னைப் பேச ஆரம்பிச்சு ஒரு மாசம்கூட ஆகல, ஹாஜா, என்னால பொறுக்க முடியல" என்றாள். "வேணாம்னு சொன்னதுக்காக அவளை இத்தனை வருஷம் ஒருத்தரும் அண்டாம நானே பாத்துக்கிட்டேன். புள்ளை உசுரையும் போகப் பாத்துட்டு, அவளையும் தனியா நிக்க வச்சேன். அவ எப்படிடா அன்னைக்கு சரின்னு சொன்னா?"

நான் குழாயைத் திறந்து அவள் கைகழுவத் தண்ணீர் விட்டேன்.